பனிக்கால விளையாட்டின் பிறப்பு

மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்று நம் முன்னோர் வகுத்தனர். நெல் அறுவடை முடிந்து, வயல் வெறுமையாய்க் கிடக்கும். உழவனுக்கும் மாட்டுக்கும் சிறிது ஓய்வு கிட்டும். மக்கள் வெளியே கூடி விளையாட இதனினும் ஏற்ற பருவம் யாது?

பனிக்கால விளையாட்டுக்கள் பல, தொழிலிலிருந்தே பிறந்தன. வட ஐரோப்பியர் பண்டைநாளில் விலங்கின் எலும்பைக் காலில் கட்டிக்கொண்டு உறைந்த ஏரிகளைக் கடந்தனர். அவ்வழக்கமே பின்னர்ச் சறுக்கு விளையாட்டாயிற்று. நம் நாட்டிலோ ஏறுதழுவுதல் தோன்றியது. மந்தையில் முரண்டு பிடிக்கும் காளையை அடக்குவது ஆயனின் அன்றாடக் கடமை. அத்திறமையே வீரத்திற்கு அளவுகோலாயிற்று. ஏற்றைத் தழுவியவனுக்கே பெண் கொடுக்கும் ஆயர் வழக்கத்தைக் கலித்தொகையின் முல்லைக்கலி விரித்துரைக்கின்றது.

நிலக்கோட்டைப் பகுதிக்கு இஃது அயல்நாட்டுச் செய்தியன்று. 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் அமையும்வரை இவ்வட்டாரம் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தே இருந்தது. மதுரைக்கு மேற்கே, கல்லூத்து மேட்டுப்பட்டிப் பாறையில், தனியொருவன் காளையை அடக்க முயலும் பழைய ஓவியம் காணப்படுகிறது. அதன் வயது சுமார் 1,500 ஆண்டுகள் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் அடுத்தடுத்து வாடிவாசல் திறக்கின்றது.

சல்லிக்கட்டு என்னும் பெயர் எவ்வாறு வந்தது? காளையின் கொம்பில் சல்லிக்காசு முடிந்த துணியைக் கட்டுவர். அடக்கியவன் அதனைப் பரிசாக அவிழ்த்துக்கொள்வான். அப்பெயரே ஜல்லிக்கட்டு எனத் திரிந்தது. மஞ்சுவிரட்டும் வடமாடும் இதன் உடன்பிறப்புக்கள். திமிலை மட்டுமே தழுவலாம். வாலைப் பிடிப்பதும் கொம்பைப் பற்றுவதும் குற்றம்.

இவ்விளையாட்டு வழக்குமன்றமும் ஏறியது. காளைகள் துன்புறுகின்றன என்று கண்டு, 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் பிற ஊர்களிலும் மாணவர் திரண்டனர். அம்மாதமே மாநிலச் சட்டம் பிறந்தது. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை ஏற்றது.

எனினும், சட்டம் காத்தால் மட்டும் விளையாட்டு வாழுமா? கிடைமாடுகள் குறைந்து, உழவுக்கு எந்திரம் வந்துவிட்ட காலம் இது. புலிக்குளம் போன்ற நாட்டினக் காளையை ஆண்டு முழுதும் தீனியிட்டு வளர்ப்பவர் இருந்தால்தான் தைத் திங்களில் வாடிவாசல் திறக்கும். களத்தில் வீரர் உயிரிழப்பதும் உண்டு. ஆகவே, காளைக்கும் காளையர்க்கும் ஊறு நேராமல் காப்பதே இவ்விளையாட்டை மதிப்பதாகும். அப்பொறுப்பு இளைஞராகிய உங்களையே சார்ந்தது.