வில்லுக்கு எட்டாத வான்கோழி

துரோணாசாரியார் தம் மாணாக்கரைச் சோதித்த கதையை நாம் அனைவரும் அறிவோம். மரக்கிளையில் ஒரு பறவையை வைத்து, "என்ன தெரிகின்றது?" என்று ஒவ்வொருவரையும் வினாவினார். மரம் தெரிகின்றது, கிளை தெரிகின்றது, உடன்பிறந்தார் தெரிகின்றனர் என்றவர்களை எல்லாம் விலக்கிவிட்டார். அருச்சுனன் ஒருவனே பறவையின் தலையன்றி வேறொன்றும் தெரியவில்லை என்றான், எய்தான், வென்றான். ஆனால், கதையைக் கேட்போர் ஒன்றை மறந்துவிடுவதுண்டு. துரோணர் வைத்தது செயற்கைப் பறவை. அது வில்லாளனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் காணுமுன் அவனைத் தான் கண்டுகொள்ளும் உயிர்ப்பறவையொன்று அங்கே இருந்திருப்பின், அருச்சுனன் பாடு என்னவாகியிருக்கும்?

அத்தகைய பறவை வட அமெரிக்கக் காடுகளில் உண்டு. அதுவே காட்டு வான்கோழி.

வான்கோழி என்றதும், மயிலைப் பார்த்துத் தானும் ஆடிய மூதுரை வான்கோழியே நம் நினைவில் எழும். பண்ணையிற் கொழுத்து அசையமாட்டாது நிற்கும் பறவையைக் கண்டவர்களும் அதனை மந்தமானதென்றே எண்ணுவர். காட்டில் வாழ்வதோ வேறு வகை. சேவல் 20 றாத்தல் வரை நிறையுடையதாயினும் மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓட வல்லது. இரவில் உயர்ந்த கிளைக்குப் பறந்தேறி உறங்குவது. கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்திருத்தலால், கழுத்தைச் சிறிது திருப்பினாலே சுற்றுப்புறம் முழுவதும் அதற்குத் தெரியும். சிற்றசைவும் அதன் கண்ணுக்குத் தப்பாது.

ஐரோப்பியர் வருமுன் அந்நாட்டுப் பழங்குடியினர் இதனை வில்லால் வேட்டையாடினர். இன்றும் வில்லை விரும்பி ஏந்துவோர் அங்கே பலர். இளவேனிலே முக்கிய பருவம். சேவல் எந்த மரத்தில் அடைகின்றது என்பதை முதல்நாள் மாலையே அறிந்து, மறுநாள் விடியுமுன் வேடன் அருகே சென்று அமர்கின்றான். சிறு மரப்பெட்டியொன்றின் மூடியை அதன் விளிம்பில் உரசிப் பேட்டின் குரலை எழுப்புகின்றான். இங்கே ஒரு சங்கடம் உண்டு. இயற்கையிற் சேவல் நின்று கூவ, பேடே அதனை நாடிச் செல்லும். வேடனோ சேவலைப் பேட்டிடம் வரும்படி அழைக்கின்றான். ஆகவே சேவல் ஐயுறும். பாதிவழி வந்து நின்றுவிடும். மணிக்கணக்கிற் காத்திருந்து வெறுங்கையுடன் திரும்புதல் இவ்வேட்டையிற் புதுமையன்று.

துப்பாக்கி ஏந்தியவன் 120 அடி தூரத்திலிருந்தும் சுடலாம். வில்லாளனுக்கோ பறவை 60 அடிக்குள் வருதல் வேண்டும். வந்த பின்னரே நாணை இழுக்கவேண்டும்; இழுத்த நாணை நெடுநேரம் பிடித்திருத்தல் அரிது. அந்த ஒரு கையசைவே காரியத்தைக் கெடுத்துவிடும். அதனாலேயே பலர் துணியாலான சிறு கூடாரத்துள் மறைந்திருக்கின்றனர். அன்றியும், இறகுக் குவியலாய்த் தோன்றும் அப்பேருடலில், அம்பு பட்டவுடன் உயிர் நீங்கும் இடம் ஏறக்குறைய ஒரு கைமுட்டியளவே. சற்றுப் பிசகினும் பறவை புண்பட்டு ஓடிப் புதரிற் கிடந்து வருந்திச் சாகும். ஆதலால், ஐயமுள்ளபோது அம்பை விடாதிருத்தலே நல்ல வில்லாளருக்கு முதற் பாடம். பழைய முறை பேணுவோரின் அம்பின் வாலிற் பெரும்பாலும் கட்டப்படுவதும் வான்கோழியின் இறகே என்பதை எண்ணும்போது, அப்பாடம் இன்னும் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

இப்பறவையின் அச்சத்தைப் பற்றி, ஆசிரியத் தொழில் புரியும் நாம் பெரிதும் வியக்கும் செய்தியொன்றுண்டு. காடுகள் வெட்டப்பட்டு விளைநிலங்களானமையாலும், வரைமுறையற்ற வேட்டையாலும் 19ஆம் நூற்றாண்டிற் பல மாநிலங்களில் வான்கோழி அற்றுப்போயிற்று. மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் இறுதிப் பறவை 1851இற் கொல்லப்பட்டது. பின்னர் அதனை மீட்க எண்ணியோர், பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டனர். பலமுறை விட்டும் பயன் கிட்டவில்லை. எதற்கு அஞ்சவேண்டும், எங்கே ஒளியவேண்டும் என்பதைத் தாயின் பின்னே திரிந்து கல்லாத அப்பறவைகள் பிற விலங்குகளுக்கு இரையாயின.

1951இல் தென் கரோலினாவில், இரை தின்னும் பறவைகள்மீது வெடிவிசையாற் பெரிய வலையை வீசிப் பிடிக்கும் முறை கையாளப்பட்டது. காட்டிலேயே வளர்ந்த பறவைகளை உயிருடன் பிடித்து வேறிடம் கொண்டுசெல்ல இது வழிசெய்தது. 1972, 1973ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் மாநிலத்துக் காட்டுப் பறவைகள் 37 மசச்சூசெற்ஸ் காட்டில் விடப்பட்டன. இன்று அம்மாநிலத்தில் 25,000இற்கும் அதிகமான வான்கோழிகள் வாழ்கின்றன. எந்த அச்சம் வில்லாளனை வெறுங்கையுடன் அனுப்புகின்றதோ, அந்த அச்சமே அக்குலத்தை வாழவைத்தது. அஞ்சவேண்டியதற்கு அஞ்சுவதும் கல்வியே போலும்!

இம்மீட்சியில் வேட்டைக்காரருக்கும் பங்குண்டு. 1937ஆம் ஆண்டுச் சட்டமொன்று துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரிப்பணத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. 1972ஆம் ஆண்டுத் திருத்தம் வில்லையும் அம்பையும் அவ்வரிக்குள் கொண்டுவந்தது. இளவேனிலில், மார்பிலே தாடிபோல் மயிர்க்கற்றை தொங்கும் பறவையையே கொல்லலாம் என்பது பொதுவான விதி. அத்தாடி பெரும்பாலும் சேவலுக்கே உரியது. ஆகவே அடைகாக்கும் பேடு தப்புகின்றது.

கொல்லாமையை அறமென்று கற்றும் கற்பித்தும் வரும் நாம் வேட்டையைப் போற்ற முன்வரவில்லை. விளையாட்டுக்காக ஓர் உயிரைப் போக்குதல் எமக்கு ஒவ்வாது. எனினும், எமது மனத்தை உறுத்தும் வினாவொன்றை மறைத்தல் நேர்மையாகாது. கொல்பவன் அப்பறவைக்குக் காட்டைத் தேடிக்கொடுத்தான். கொல்லாத நாம் எத்தனை பறவைகளுக்கு இடம் விட்டுவைத்தோம்? குளக்கரை மரத்தை வெட்டும்போதும் பற்றைக்காட்டைத் துப்புரவாக்கும்போதும் எமது கையில் வில் இல்லைதான். கூடிழந்த பறவைக்கு அது ஆறுதலாகுமா?

துரோணரின் சோதனையில் மரத்தையும் கிளையையும் கண்டவர்கள் தோற்றார்கள். பறவை பிழைக்கவேண்டுமாயின், எமது கண்ணில் அவையும் படவேண்டும். வீட்டிலே பிள்ளைகளுக்கு அக்கதையைச் சொல்லும்போது இதனையும் சேர்த்துச் சொல்லுவோமாக.