கோழியா, முட்டையா?

வெளிநாடுகளுக்குத் தொண்டூழியம் செய்யச் செல்லும் இளையர்களில் பலர், அங்குள்ள சிறுவர்களுக்குக் கற்பிக்க விரும்புகிறார்கள். ஆனால், முதல் சில நாள்களில் அதிகம் கற்பவர்கள் அந்த இளையர்கள்தாம். உள்ளூர்ச் சிறுவர்களே அவர்களுக்கு ஆசிரியர்கள். தாய்லாந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காண்போம்.

தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள் உள்ளன. தொனி மாறினால் சொல்லின் பொருளும் மாறும். ‘மா’ என்பதைச் சமமான தொனியில் சொன்னால், ‘வா’ என்று பொருள். உயர்ந்த தொனியில் சொன்னால், ‘குதிரை’. கேள்வி கேட்பதுபோல் குரலை மேலே ஏற்றினால், ‘நாய்’. எனவே, தொண்டூழியர் ஒருவர் சிறுவனை அன்போடு, “வருகிறாயா?” என்னும் தொனியில் “மா?” என்று அழைத்தால், வகுப்பே சிரிப்பில் அதிரும்.

தமிழ் பேசுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தாய்லாந்து மொழியில் கோழியைக் குறிக்கும் சொல்லையும் முட்டையைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கை’ என்றே அமையும். கோழியைச் சொல்லும்போது மூச்சுக்காற்று வெளிப்படாது. முட்டையைச் சொல்லும்போது மூச்சுக்காற்று பலமாக வெளிவரும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துச் சொல்லிப் பார்த்தால் இந்த வேறுபாடு புலப்படும். தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு இல்லை. ஆகவே, முட்டை கேட்டவரின் தட்டில் கோழி வந்து சேரலாம்!

பெயர் கேட்கும்போதும் வியப்பு காத்திருக்கிறது. “என் பெயர் பன்றி” என்பாள் ஒரு சிறுமி. “நான் தவளை” என்பான் அடுத்தவன். அவர்கள் கேலி செய்யவில்லை. தாய்லாந்து மக்களின் முழுப்பெயர்கள் பெரும்பாலும் நீளமானவை. அதனால், வீட்டிலும் பள்ளியிலும் சிறிய செல்லப்பெயரால் அழைப்பது வழக்கம். அழகில்லாத பெயர் வைத்தால் தீய சக்திகள் குழந்தையை அண்டாது என்று முன்னோர் நம்பினர். தமிழர்களும் முற்காலத்தில் இத்தகைய நம்பிக்கையால் குப்பன், பிச்சை எனப் பெயரிட்டதை இங்கு நினைவுகூரலாம்.

சிறுவர்கள் அனுப்பும் குறுஞ்செய்தியில் ‘555’ என்று இருந்தால், அது கணக்கு அன்று. அவர்கள் மொழியில் ஐந்து என்பதை ‘ஹா’ என்று ஒலிப்பார்கள். ஆகவே, 555 என்றால் ‘ஹா ஹா ஹா’!

இந்தச் சிரிப்பினால் பயனும் உண்டு. புதிய மொழியைப் பேசத் தயங்கும் மாணவர்கள், பிழை செய்தால் பிறர் நகைப்பார்களோ என அஞ்சுகிறார்கள். தங்களுக்குக் கற்பிக்க வந்தவரே பிழை செய்து, தாமும் சிரித்து, மீண்டும் முயல்வதைக் கண்டால் அந்த அச்சம் குறையும். மாறாக, அவர் கோபப்பட்டால் வகுப்பில் மௌனமே மிஞ்சும். எனினும், தொண்டூழியர்கள் முன்கூட்டியே ஆயத்தமாவது அவசியம். அமெரிக்கா 1961ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பீஸ் கோர்’ என்னும் தொண்டூழிய அமைப்பு, 1962 முதல் தாய்லாந்தில் சேவையாற்றியது. அதன் தொண்டூழியர்களுக்குப் பணி தொடங்குமுன் உள்ளூர் மொழியில் பயிற்சி அளிக்கப்படுகிறது.

ஆனால், எல்லாவற்றையும் சிரித்துக் கடந்துவிட முடியாது. தாய்லாந்து மக்கள் தலையை உடலின் மிக உயர்ந்த பகுதியாக மதிக்கின்றனர். அன்போடு சிறுவனின் தலையைத் தட்டினாலும் அது அவமதிப்பாகலாம். அதுபோலவே, சிறுவர்களின் பெயரையும் பேச்சையும் காணொளியாக்கி, பெற்றோரின் அனுமதியின்றிச் சமூக ஊடகத்தில் பகிர்வதும் தவறு. வகுப்பறையில் சிரிப்பு எழும்போது சிறுவர்களும் சேர்ந்து சிரிக்கலாம். பதில் சொல்லவும் செய்யலாம். தொலைவில் முகமறியாதவர்கள் பார்த்துச் சிரிக்கும்போது, பதில் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. ஆகவே, பிறரோடு சேர்ந்து சிரிப்பதற்கும் பிறரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து செல்பவரே நல்ல தொண்டூழியர்.