245 தகடுகள், 12 படங்கள்

1874இல் டெனிசனின் ஆர்தர் மன்னன் கவிதைகளுக்குப் படமெடுத்த ஒளிப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கமரன், டிசம்பரில் நண்பர் ஒருவருக்குக் கணக்கு எழுதினார்: மூன்று மாத உழைப்பு, 245 படங்கள், தேறியவை 12. தேர்ச்சி 4.9 சதவீதம். ஒவ்வொரு தகடும் அவருடைய பெரிய கமெராவுக்குரிய 15 × 12 அங்குலம் என்று கொண்டால், மொத்தக் கண்ணாடி 306 சதுர அடி. ஏற்ற படங்களுக்குப் பயன்பட்டது அதில் 15 சதுர அடி.

டெனிசனின் பதிப்பில் இவற்றில் சில மட்டும் சிறு மரச்செதுக்குகளாகச் சுருங்கி வந்தன. அதனால் கமரன் தாமே பெரிய தொகுதி வெளியிட்டார். முதல் தொகுதியில் 12 படங்களும் முகப்பில் கவிஞரின் உருவப்படமும், ஆக 13. அச்சிட்டவை அல்ல, ஒவ்வொன்றும் ஒளிப்படப் பிரதியாக எடுத்து ஒட்டப்பட்டவை. விலை 6 கினி, அதாவது 126 சிலிங். படமொன்றுக்கு 9.7 சிலிங் விழுகிறது. தேறாத 233 படங்களின் கண்ணாடியும் மருந்தும் இந்த விலைக்குள்தான் அடங்கியாக வேண்டும்.

இன்னொரு ஒளிப்படக்காரரான லினேயஸ் ட்ரைப்பின் விகிதம் வேறு. 1855இல் பர்மாவில் ஏறத்தாழ 220 காகித எதிர்ப்படங்கள் எடுத்தார், 120ஐத் தேர்ந்தார். 54.5 சதவீதம். 120 படங்கள், 50 தொகுப்புகள்: 6,000 பிரதிகள். செலவு அரசினுடையது. கோயிற்கோபுரம் அசையாது, கமரனின் ஆட்களோ மூச்சுவிடுவார்கள். ஆகவே இரு விகிதங்களையும் திறமையின் அளவுகோலாக வைப்பது சரியல்ல. அரசுச் செலவுக்கும் எல்லை இருந்தது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளை 21 பிரதிகள் இணைத்து ஒரே நீள்படமாக்கிய ட்ரைப்பின் வேலையை, நிதிநிலை தாங்காத ஆடம்பரம் என்று 1859இல் சென்னை ஆளுநர் ட்ரெவெலியன் நிறுத்தினார்.

கணக்கில் அதிகம் பேசப்படாத பொருள் தண்ணீர். ஒரு படத்தைக் கழுவ 9 வாளி கிணற்றுநீர் என்பது கமரனின் சொந்தக் கணக்கு. 245 படங்களுக்கு 2,205 வாளி. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் இருந்து பார்த்தால் இதுவே பெரிய எண். இங்கே கடல்நீர் உள்ளே ஏறாமலிருக்க ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டவேண்டியிருந்தது. உவர்நீர் ஒளிப்படத்துக்கும் ஆகாது: உப்பு வெள்ளி நைத்திரேற்றோடு சேர்ந்தால் வெள்ளிக் குளோரைட்டாகத் திரளும்.

1875 அக்டோபரில் கமரன் குடும்பம் இலங்கைக்குப் புறப்பட்டது. கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், வடமாகாணத்தையும் சேர்த்து ஐந்து மாகாணங்களை 1833இல் உருவாக்கிய சீர்திருத்தத்தின் இணையாசிரியர். கோப்பித் தோட்டங்களும் வைத்திருந்தார். ஜூலியா இங்கிலாந்தில் 12 ஆண்டுகளில் எடுத்து இன்று அறியப்படுபவை சுமார் 1,200: ஆண்டுக்கு 100. இலங்கையில், 1879 ஜனவரியில் இறக்கும்வரை மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல். எஞ்சியவை 30க்கும் குறைவு. ஆண்டுக்குப் பத்தைத் தொடவில்லை. ஈரக் கொலோடியன் தகட்டை உலருமுன், சில நிமிடங்களுக்குள், உருத்துலக்கி முடிக்க வேண்டும். வெயில் அந்த நிமிடங்களையும் குறைக்கும். வயது, இரசாயனம் கிடைக்காமை ஆகியவற்றின் பங்கை எண்ணால் பிரிக்க முடியாது.

வெயிலின் பங்கை ஓரளவு பார்க்க ஒரு பதிவு உண்டு. 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தைத் தென்னோலைகளுக்கிடையே நிறுத்திப் படமெடுத்தார் கமரன். நோர்த் குறித்து வைத்தவை: நாட்கள் 3, வெப்பம் 96 பாகை பரனைற்று (35.6 பாகை செல்சியஸ்), வீணான தகடுகள் 12.