ஹோலை அளந்தபின் ரிசீவர்

மட்டக்களப்புப் பக்கம், கல்லடியிலும் ஆரையம்பதியிலும் புது வீடு கட்டி முடித்தவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ரி.வி. வாங்கியாச்சு, ஸ்பீக்கரும் பார்த்து வெச்சாச்சு. ரிசீவர் டெனோன் நல்லமா, மராண்ட்ஸ் நல்லமா, யமஹா நல்லமா? அண்ணன் கனடாவில இருந்து வரக்குள்ள கொண்டாறன் எண்டு சொல்றார்." கேள்வி நேரானது. பதிலுக்குத்தான் ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக உட்கார வேண்டும். போகப்போவது 5 லட்சம் ரூபாய்க்கு மேல்.

முதலில், அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். படத்தின் ஒலியை டொல்பி, டிடிஎஸ் போன்ற வடிவங்களிலிருந்து பிரித்தெடுக்கிறது. எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பங்கிடுகிறது. உங்கள் ஹோலில் அந்த ஒலி எப்படி ஒலிக்கிறது என்று மைக் வைத்து அளந்து திருத்துகிறது. கடைசியாக, ஸ்பீக்கரை ஓட்டும் வலுவைக் கொடுக்கிறது. விலை கூடிய ரிசீவர்களில் முதல் இரண்டு வேலைகளிலும் எவரும் பெரிதாகப் பிழை விடுவதில்லை. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டொல்பி அட்மோஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. வித்தியாசம் மூன்றாவதிலும் நான்காவதிலும்தான். கடைக்காரர் நான்காவதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். நாம் மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டும்.

நான்காவதை முதலில் முடித்துவிடுவோம். 2022இல் வந்த டெனோன் எக்ஸ்3800எச் ஒரு சானலுக்கு 105 வோட் என்கிறது. அதே வருடத்து மராண்ட்ஸ் சினிமா 50, 110 வோட். டெனோனின் அடுத்த படியான எக்ஸ்4800எச், 125 வோட். யமஹாவின் ஏ6ஏ, 150 வோட். எண்கள் ஏற ஏற மனமும் ஏறும். ஆனால் காது வோட்டை எண்ணுவதில்லை. வலு இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல் மட்டும். 105 வோட்டுக்கும் 125 வோட்டுக்கும் உள்ள வித்தியாசம் 1 டெசிபல்கூட இல்லை.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 87 டெசிபல் உணர்திறன் உள்ள சாதாரண ஸ்பீக்கர் 1 வோட்டில் 1 மீற்றர் தூரத்தில் 87 டெசிபல் தரும். 3 மீற்றர் தள்ளிப் போட்ட கதிரைக்கு அது 78 டெசிபல் அளவில் வந்து சேரும். சுவர்கள் திருப்பி அனுப்புவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் சத்தம் 60 டெசிபல் அளவு. ஆக, 1 வோட்டிலேயே பேச்சைவிடச் சத்தம் வந்துவிடுகிறது. 10 வோட்டில் 88, 100 வோட்டில் 98. குண்டு வெடிக்கும் அந்த அரைச் செக்கனுக்குத்தான் 100 வோட் தேவை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 105 வோட், இரண்டு சானல்கள் மட்டும் ஓடும்போது அளந்தது. அதிலுள்ள ஒன்பது சானலும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு கிடைக்காது. ஹோல் மிகப் பெரிதாகவோ ஸ்பீக்கர் 4 ஓம் வகையாகவோ இருந்தால் மட்டும் வோட்டைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் தனி பவர் அம்ப்ளிஃபையரைப் பின்னால் இணைக்க வசதியுள்ள ரிசீவரை எடுத்தால் போதும். டெனோன் எக்ஸ்3800எச், மராண்ட்ஸ் சினிமா 50 இரண்டிலும் அந்த வசதி உண்டு.

இனி ஹோலுக்கு வருவோம். நமது வீடுகளின் ஹோல் எப்படி இருக்கும்? தரை சீமெந்து அல்லது டைல்ஸ். சுவர் பூசிய கல். யன்னலில் கண்ணாடியும் கம்பியும். கம்பளம் கிடையாது. ஹோலின் நடுவில் நின்று ஒரு தரம் கையைத் தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் சுவருக்குச் சுவர் ஒரு கிண்கிண்ணென்ற ஒலி ஓடிக்கொண்டிருந்தால், படத்தில் வசனம் விளங்காமல் போவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதை எந்த ரிசீவராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. மருதமுனைக் கைத்தறித் துணியில் மடிப்பு அடர்த்தியாக வைத்துத் தைத்த கனமான திரை, சோபாவுக்கு முன்னால் ஒரு தடித்த விரிப்பு, பக்கச் சுவரில் புத்தக அலுமாரி. இவை மேல்சுரங்களின் எதிரொலியைக் கணிசமாகக் குறைக்கும்.

கீழ்ச்சுரம் வேறு பிரச்சினை. 15 அடி நீளமான ஹோலில், நமது வெக்கைக் காற்றில், 38 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் ஒலி சுவருக்கும் சுவருக்கும் இடையில் நின்றுகொள்ளும். 12 அடி அகலத்துக்கு அது 48 ஹெர்ட்ஸ் அளவு. ஒரு கதிரையில் இருப்பவருக்கு நெஞ்சு அதிரும், பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. திரையும் விரிப்பும் இதைத் தொடாது. இதற்கு வழி, கீழ்ச்சுரத்துக்கான ஸ்பீக்கரை, அதாவது சப்வூபரை, சரியான இடத்தில் வைப்பது. வழக்கமாக நீங்கள் இருக்கும் கதிரையிலேயே சப்வூபரைத் தூக்கி வையுங்கள். கீழ்ச்சுரம் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே குமுறாமலும் மங்காமலும் ஒரே சீராகக் கேட்கிறதோ, அங்கேதான் அதற்கு இடம். முடிந்தால் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சப்வூபர் வைத்தால் எல்லாக் கதிரைக்கும் ஒலி சமமாகப் போகும்.

ஒலி எதன் வழியாக வருகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று மட்டக்களப்பாருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 1848 செப்டெம்பரில் இங்கே வந்த இலங்கையின் குடியேற்றச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இரவில் வாவியில் தோணியில் போய்ப் பாடுமீன் ஒலியைக் கேட்டு, பிறகு தமது நூலில் எழுதினார். தண்ணீரிலிருந்து மெல்லியதாக வந்த ஒலி, தோணியின் மரத்தில் காதை வைத்தபோது மிகப் பெரிதாகக் கேட்டதாம். துடுப்பை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பவர்கள் அறிந்த விஷயம்தான். ஒலி மாறவில்லை, அதைக் காதுக்குக் கொண்டுவந்த வழி மாறியது. வீட்டில் அந்த வழி உங்கள் ஹோல்.

அதனால்தான் ரிசீவரின் மூன்றாவது வேலையை, அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் வேலையை, கவனித்துப் பார்க்கச் சொல்கிறேன். டெனோனும் மராண்ட்ஸும் ஓடிஸி என்ற முறையைப் பாவிக்கின்றன. மேல்மட்ட மாடல்களில் அதன் சிறந்த வடிவமான எக்ஸ்டி32 இருக்கிறது. மேலதிகமாகக் காசு கட்டினால் டிராக் லைவ் என்ற இன்னும் நுட்பமான முறையையும் சேர்க்கலாம். ஒன்கியோ ஆர்செட்50இல் டிராக் பெட்டியோடேயே வருகிறது. ஆனால் பழைய ஒன்கியோ கம்பனி 2022இல் வங்குரோத்தாகி, பெயர் கைமாறியிருக்கிறது. சேவைக்கு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கனடாவின் ஆந்தம் தனது சொந்த ஏஆர்சி முறையைத் தருகிறது. அறைத் திருத்தத்தில் அதற்கு நல்ல பெயர், விலையும் அதற்கேற்ப. யமஹாவின் வைபாவோ சுலபமானது, பிறகு கையாலும் திருத்திக்கொள்ளலாம். கீழ்ச்சுரத் திருத்தத்தில் டிராக்கும் ஏஆர்சியும் ஒரு படி மேல் என்பது என் கருத்து.

எந்த முறையானாலும் அளக்கும் நேரத்தில் பொறுமை வேண்டும். மைக்கை சோபாவின் மேல் வைக்காதீர்கள். கெமராவுக்கான முக்காலியில், காது இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். ஓடிஸி எட்டு இடங்கள் வரை அளக்கச் சொல்லும், எட்டையும் அளந்துவிடுங்கள். சீலிங் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். பகலில் காகமும் கடற்காற்றும் ஓட்டோவும் சும்மா விடாது. இரவு பத்து மணிக்குப் பிறகு செய்தால் நல்லது. இந்த அரை மணித்தியாலம் தரும் பலன், ஒரு மாடல் மேலே போவதால் வரும் பலனைவிடப் பெரிது.

அடுத்தது, தலைக்கு மேலே கேட்கும் ஒலி. டொல்பி அட்மோஸ் 2012இல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான 'சிவாஜி 3டி' தான் அட்மோஸில் வந்த முதல் இந்தியப் படம். இன்று ஓடிடி தளங்களில் பல தமிழ்ப் படங்கள் அட்மோஸில் கிடைக்கின்றன. அந்த ஒலி ரி.வி.யிலிருந்து ரிசீவருக்கு வர சாதாரண ஏஆர்க் எச்டிஎம்ஐ துளையே போதும். ப்ளூரே தட்டில் உள்ள சுருக்கத்தில் எதுவும் இழக்காத அட்மோஸை ரி.வி. வழியாகக் கொண்டுவருவதென்றால் ஈஏஆர்க் வேண்டும். மேலொலிக்கென்று ஸ்பீக்கரின் மேல் வைத்து ஒலியை முகட்டை நோக்கி அனுப்பும் வகை ஒன்று கடைகளில் உண்டு. ஒலி தட்டையான சீலிங்கில் பட்டுக் கீழே வர வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. ஓட்டுக்கூரையோ சரிந்த சீற் கூரையோ உள்ள வீட்டில் அது எங்கோ சிதறிப்போகும். அப்படியான வீட்டில் சுவரின் உச்சியில் சிறிய ஸ்பீக்கர்களை ஆணியடித்து மாட்டுங்கள். கீழே ஐந்து, மேலே நான்கு என்றால் ஒன்பது சானல். அநேகமான ஹோல்களுக்கு அது தாராளம். பதினொரு சானல் ரிசீவருக்கு ஆசைப்படுமுன், சோபாவுக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். சோபா சுவரோடு ஒட்டியிருந்தால் அந்த இரண்டு சானலும் வீண்.

இப்போது கனடா அண்ணனின் விஷயம். ரிசீவரின் பின்பக்கத்தில், கரண்ட் வயர் செருகும் இடத்தருகே, சின்ன எழுத்தில் வோல்ட் எழுதியிருக்கும். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட். ஜப்பானிலிருந்து பாவித்து வரும் செற்றுகள் 100 வோல்ட். அவற்றை நமது சுவரில் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. இடையில் ஒரு ட்ரான்ஸ்போமர் வைக்கலாம். ஆனால் ரிசீவருக்குப் போதுமானது கனமானதும் விலையானதும் ஆகும், சிலது இரவில் உறுமவும் செய்யும். வீட்டில் யாராவது தெரியாமல் அதை விட்டுவிட்டுச் செருகும் அபாயமும் எப்போதும் இருக்கும். எனவே கனடாவிலிருந்து வேண்டாம். லண்டனிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்தால் மின்சாரம் பொருந்தும். அப்போதும் உத்தரவாதம் அநேகமாக வாங்கிய நாட்டுக்குள்தான் செல்லும். கொழும்பு முகவரிடம் வாங்கினால் விலை கூடும். ஆனால் பழுதானால் 300 கிலோமீற்றருக்கு மேல் அனுப்பி வைக்க ஓர் இடமாவது இருக்கும். பெட்டியையும் உள்ளிருக்கும் நுரையையும் எறியாதீர்கள். 12 கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளைப் பஸ்ஸில் அனுப்ப அதுதான் காவல்.

பாவித்த செற் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020இல் வந்த டெனோன், மராண்ட்ஸ், யமஹா மாடல்கள் சிலவற்றில் இருந்த எச்டிஎம்ஐ சிப் பிழையால், புதிய எக்ஸ்பொக்ஸிலிருந்து செக்கனுக்கு 120 பிரேம் ஓடும் 4கே படம் வரவில்லை. பிள்ளைகள் கேம் விளையாடும் வீடென்றால் 2022இலோ அதற்குப் பிறகோ வந்த மாடலாகப் பாருங்கள்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு உப்புக் காற்றும் ஒரு செலவு. ஸ்பீக்கர் வயரின் செம்பு நுனி திறந்திருந்தால் சில மாதங்களிலேயே பச்சை பிடிக்கும். பனானா பிளக் போட்டு இறுக்குங்கள். ரிசீவரின் மேல் பூப்போட்ட துணி விரிக்கும் வழக்கத்தை, ஓடிக்கொண்டிருக்கும்போதாவது விட்டுவிடுங்கள். சூடு மேல் துளைகளால்தான் வெளியேறுகிறது, மேலே அரை அடியாவது இடைவெளி வேண்டும். நீண்ட நாள் பாவிக்காமல் விட்டால் உள்ளே ஈரமும் பல்லியும் குடிபுகும். கிழமைக்கு ஒரு தரமாவது ஓட விடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கத் தொடங்கினால் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. டிஷ் வயரையும் இன்டர்நெட் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாலும் வரும்.

ஆக, எதை வாங்குவது? வெளியானபோது அமெரிக்காவில் டெனோன் எக்ஸ்3800எச் 1,699 டொலர், மராண்ட்ஸ் சினிமா 50 2,500 டொலர். இரண்டும் ஒரே குழுமத்துப் பொருட்கள். இரண்டிலும் ஒன்பது சானல் அம்ப்ளிஃபையர், ஒரே ஓடிஸி, நான்கு சப்வூபருக்கான இணைப்பு. மராண்ட்ஸில் வடிவான முகப்பும், பாட்டுக் கேட்பவர்கள் விரும்பும் கொஞ்சம் நயமான ஒலிச் சுற்றும் உண்டு. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் விலை வித்தியாசம் 2 லட்சத்து 40 ஆயிரம். குடும்பமாகப் படம் பார்க்கும் ஹோலுக்கு நான் டெனோனைத்தான் சொல்வேன். மிஞ்சும் காசில் இரண்டாவது சப்வூபரும் நல்ல நடு ஸ்பீக்கரும் திரையும் வரும். வசனம் பெரும்பாலும் வருவது அந்த நடு ஸ்பீக்கரிலிருந்துதான். ஸ்பீக்கரும் அறையும் ஏற்கெனவே சரியாக இருந்து, பாட்டும் அதிகம் கேட்பவரென்றால் மராண்ட்ஸ் வாங்குவதில் குறையில்லை. கதவடைத்த தனி அறையும், லப்டொப்போடு உட்கார்ந்து அளக்கும் பொறுமையும் இருந்தால் ஆந்தம். சின்னப் படத்தையும் பெரிய மண்டபத்தில் கேட்பதுபோல் ஆக்கும் ஒலி விளைவுகளை விரும்புகிறவருக்கு யமஹா.

கடைக்குப் போகும் நாளில், பலமுறை பார்த்த ஒரு படத்தை எடுத்துப் போங்கள். சண்டைக் காட்சியை விடுங்கள், இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சியைக் கேளுங்கள். இரண்டு ரிசீவரையும் ஒரே ஸ்பீக்கரில், ஒரே சத்த அளவில் ஒப்பிடச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடச் சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். சமமாக வைத்துக் கேட்டும் வித்தியாசம் தெரியாவிட்டால் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசை ஹோலுக்குச் செலவழியுங்கள்.