பருத்த வயிறும் மலச்சிக்கலும்: கைகள் செய்யும் உதவி

கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால், வீட்டின் மூத்த பெண்மணி வெதுவெதுப்பான எண்ணெயைத் தொட்டுத் தொப்புளைச் சுற்றி வருடிவிடுவது நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் வழக்கம். வளர்ந்தோரின் மலச்சிக்கலுக்கும் இம்முறையைச் சீர்ப்படுத்தி இயன்முறை மருத்துவர்கள் கையாளுகின்றனர். ஆயினும் உடல் பருத்தோருக்கு இதைச் செய்கையில் தனிக் கவனம் தேவை.

வாரத்திற்கு மூன்று முறைக்கும் குறைவாக மலம் கழித்தல், இறுகிய மலம், முக்கி வெளியேற்ற வேண்டிய நிலை, கழித்த பின்னும் நிறைவின்மை ஆகியன மலச்சிக்கலின் அடையாளங்கள். உடற்பருமன் உள்ளோரிடம் இதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. நெடுநேரம் அமர்ந்தே இருத்தல், நெடுநாளைய சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை அவற்றுட் சில. அண்மைக் காலத்தில் எடைக்குறைப்புக்கெனப் போட்டுக்கொள்ளும் செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகளும் இப்பட்டியலில் சேர்ந்துள்ளன. இவை பசியைக் குறைப்பதால் உணவு குறைகிறது. அதனுடன் நார்ச்சத்தும் நீரும் குறைந்துவிடுகின்றன.

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கி விலா எலும்பு வரை மேலேறி, குறுக்கே இடப்பக்கம் சென்று, அங்கிருந்து கீழிறங்கி மலக்குடலை அடைகிறது. கையும் இவ்வழியே, அதாவது கடிகார முள் சுற்றும் திசையிலேயே செல்லுதல் வேண்டும். மிதமான அழுத்தம் குடற்சுவரைத் தூண்டி அதன் அசைவை ஊக்குவிப்பதாகக் கருதப்படுகிறது.

பருத்த உடலில் இடர்ப்பாடு எங்கே எழுகிறது? தோலுக்கும் குடலுக்கும் இடையே தடித்த கொழுப்புப் படலம் உள்ளது. அதை ஊடுருவ வேண்டுமென எண்ணி வலுவாக அழுத்துவதே பலர் செய்யும் பிழை. வலி தோன்றினால் வயிற்றுத் தசைகள் இறுகும். பின்னர் அழுத்தி என்ன பயன்? முழங்கால்களை மடித்து, அவற்றின் கீழ்த் தலையணை வைத்தால் வயிற்றுச் சுவர் தளரும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவோர் தலையையும் தோளையும் உயர்த்திக்கொள்ளலாம். மூச்சை வெளிவிடும்போது மட்டும் உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, அவசரமின்றிப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் செய்தல் போதும். தம் கை அடிவயிற்றை எட்டாதவர்கள் வீட்டாரின் துணையை நாடலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முடிந்ததும் தோல் மடிப்புகளில் எண்ணெய்ப் பசை தங்காதவாறு துடைத்து உலர்த்துதல் நன்று; இல்லையேல் புண்ணும் படையும் வரும்.

சுவீடனில் 60 பேரிடம் எட்டு வாரங்கள் நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வயிற்றை வருடுதல் மலச்சிக்கலின் தொல்லையைக் குறைத்தது. ஆனால் மலமிளக்கி மருந்தின் தேவை குறையவில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயாளர்களிடையே பிரிட்டனில் நடந்த பெரியதோர் ஆய்விலோ, முதன்மை அளவுகோலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவ்விரண்டும் உடற்பருமன் உள்ளோருக்கெனத் தனியே நடத்தப்பட்டவையும் அல்ல. ஆகவே இதைத் துணை மருத்துவமாகக் கொள்வதே முறை. அன்றாட நடையும், நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி உண்பவருக்கு 30 கிராம் அளவிலான நார்ச்சத்தும், போதிய நீரும் முதலிடம் பெறுபவை. இசப்கோல் உமியை உட்கொள்வோர் ஒரு குவளை நிறைய நீருடன் அருந்துதல் வேண்டும்.

தொடங்குமுன் மருத்துவரிடம் வயிற்றைக் காட்டுவது இன்றியமையாதது. உடல் பருத்தோரிடம் தொப்புள் குடலிறக்கம் மிகுதியாகக் காணப்படும்; கொழுப்பின் மறைவில் அது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். குடலிறக்கம் உள்ளோர், கருவுற்றோர், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டோர் தாமாக இதில் இறங்குதல் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாக மாறிய மலப்பழக்கம் ஆகியவை இருப்பின் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. வாந்தியுடன் வயிறு உப்பி, காற்றும் பிரியாது நின்றால் அன்றே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

வயிற்றை உருவித் தொப்பையைக் கரைப்பதாகக் கூறிப் பல அமர்வுகளுக்கு முன்பணம் பெறும் நிலையங்கள் நகரங்களில் உள்ளன. கைகளால் உருவுவதால் கொழுப்பு கரைவதில்லை. மலச்சிக்கலுக்காக எனில், தகுதி பெற்ற இயன்முறை மருத்துவரிடம் ஓரிரு அமர்வுகளில் முறையைக் கற்றுக்கொண்டு, பின்னர் வீட்டிலேயே செலவின்றித் தொடரலாம்.