எல்லாம் நரம்புதானா?

பெங்களூர் அல்சூர் ஏரியை ஒரு சுற்று வந்தால்தான் எனக்குக் காலைக் காபி ருசிக்கும். போன வருஷம் குருத்வாரா பக்கம் வருவதற்குள்ளேயே இடது கெண்டைக்கால் பிடித்துப் பிசைய ஆரம்பித்தது. இரண்டு நிமிஷம் நின்றால் போய்விடும். நடந்தால், அதே தூரத்தில் மறுபடியும்.

‘நரம்பு’ என்றார்கள் எல்லாரும். தெருமுனை டாக்டரும் மூன்று மாதம் நரம்புச் சத்து மாத்திரை கொடுத்தார். எதிர்வீட்டு அக்கா, “எனக்கும் நரம்புதாண்ணா, இந்த சாக்ஸைப் போட்டுப் பாருங்க” என்று தன்னுடைய இறுக்கமான காலுறையைக் காட்டினார்.

அக்கா இருபது வருஷம் நின்றே பாடம் நடத்தியவர். அவருக்குப் புடைத்திருப்பது சிரை. காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய். உள்ளே இருக்கும் வால்வு பழுதாகி ரத்தம் தேங்குகிறது. காலுறை அதை அமுக்கித் தள்ளும். போதாவிட்டால் லேசரால் அடைப்பார்கள். எனக்கோ, ரத்தத்தைக் கீழே கொண்டுவரும் தமனியிலேயே அடைப்பு. முப்பது வருஷச் சிகரெட், பன்னிரண்டு வருஷச் சர்க்கரை. ரத்தம் போதாத காலை இன்னும் இறுக்கியிருந்தால்? தமனி, சிரை எல்லாம் பள்ளிப் புத்தகத்தோடு சரி. வீட்டில் எல்லாமே நரம்பு. கன்னடத்திலும் ‘நரா’தான்.

கடைசியில் ரத்தநாள நிபுணரிடம் போனேன். பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவி. கையில் அழுத்தம் 140, கணுக்காலில் 84. வகுத்தால் 0.6. “0.9க்குக் கீழே போனாலே அடைப்பு சார்” என்றார். நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் இறுகி, கணக்கு பொய்யாகக் கூடிக் காட்டலாம்; அப்போது கால் விரலில் அளப்பார்களாம்.

கத்தியைப் பற்றி அவர் பேசவே இல்லை. சிகரெட்டை விடு, வலிக்கும்வரை நட, நின்று மறுபடி நட என்றார். கூடவே ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை. மூன்று மாதத்தில் குருத்வாராவைத் தாண்டிவிட்டேன். இது போதாதவர்களுக்கு பலூன், ஸ்டென்ட். 1964இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பாட்டிக்கு சார்லஸ் டாட்டர் மெல்லிய குழாய் விட்டே அடைப்பைத் திறந்தார். அதன் வழி வந்தவை இவை. அதற்கும் மசியாவிட்டால் பைபாஸ். அக்காவுக்குப் புடைத்திருக்கிறதே, அதே சிரையை என் காலிலிருந்து எடுத்துத் தமனியில் தைப்பார்கள்!

ராத்திரி படுத்தால் பாதம் வலித்து, காலைத் தொங்கப்போட்டால் குறைகிறதா? விரலில் புண் ஆறவில்லையா? தள்ளிப்போடாதீர்கள். கால் திடீரென்று வெளுத்து, ஜில்லிட்டு, வலித்தால் மாத்திரை தேடவே வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்; காலைக் காப்பாற்றக் கையிலிருப்பது சுமார் ஆறு மணி நேரம்தான்.