முரளியின் முழங்கை: வாக்களிக்கும் முன் ஒரு கணக்கு

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரிக்கு ஆடியவர்களில் ஆகச் சிறந்த கிரிக்கெட் வீரர் யார் என்ற எமது வாசகர் வாக்கெடுப்பு வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எனப் பல இடங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் முத்தையா முரளிதரன் பெயரோடு ஒரு சந்தேகமும் ஒட்டிக்கொண்டு வருகிறது: "அவர் பந்தை எறிந்தவர்தானே? அவருக்காகத்தானே 15 பாகை விதி வந்தது?" 800 டெஸ்ட் விக்கெட் ஊரறிந்த கதை. தெளிய வேண்டியது இந்த முழங்கைக் கணக்குதான்.

கை மடங்கியிருப்பதை விதி தடுக்கவில்லை. கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும்வரை முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதே கேள்வி. 30 பாகை மடங்கிய கை அதே மடிப்போடு சுற்றி வந்தால் குற்றமே இல்லை. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. கவ்வாத்துக் கத்தியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் வளைவு தெரியும். முதுகுப் பக்கமாகப் பிடித்தால் நேர்கோடாகத் தெரியும். கத்தி நிமிரவில்லை, பார்க்கும் பக்கம்தான் மாறியது. மடங்கிய கை தோளோடும் மணிக்கட்டோடும் சுழலும்போதும் கண் இப்படித்தான் ஏமாறுகிறது.

1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் முரளி பந்தை எறிகிறார் என்று நடுவர் டெரல் ஹேர் ஏழு முறை நோ-போல் கொடுத்தார். அடுத்த ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கமராக்களை வைத்து ஆராய்ந்தவர்கள், அது கண்ணின் மயக்கம் என்றார்கள். 2004இல் முழங்கை அசையாதபடி உருக்குக் கம்பி வைத்த கட்டைப் போட்டுக்கொண்டே முரளி தன் பந்துகளை வீசிக் காட்டினார்.

அன்று சுழற்பந்துக்கு 5 பாகை, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10 என்று எல்லை இருந்தது. முரளியின் 'தூஸ்ரா' என்ற பந்து வகை அந்த 5 பாகையைத் தாண்டியது உண்மை. ஆனால் அதிவேகக் கமராக்கள் வந்ததும், பெயர்பெற்ற வேகப்பந்து வீச்சாளர்கள் பலரும் தங்கள் எல்லையைத் தாண்டுவது வெளிப்பட்டது. 2005இல் எல்லாருக்கும் 15 பாகை என்றானது. ஒருவருக்குக் கொடுத்த சலுகையாக இதைச் சொல்வது அநியாயம்.

அதற்காகச் சர்வதேச கிரிக்கெட் சபை சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. 15 பாகைக்கு மேல் போனால்தான் கண்ணுக்குத் தெரியும் என்கிறார்கள். கண் அத்தனை துல்லியம் என்றால் மெல்பேர்னில் அந்த ஏழு நோ-போல்கள் வந்திருக்குமா? சந்தேகத்துக்குள்ளானவர்களை ஆய்வுகூடத்தில் வீசச் சொல்லி அளக்கிறார்கள். தன்னை அளக்கிறார்கள் என்று தெரிந்து வீசும் பந்தும், ஆட்டத்தின் நெருக்கடியில் வீசும் பந்தும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மற்றக் கேள்விகள்:

பாடசாலைக் காலத்தில் என்ன செய்தார்? 14 வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொற்கேட்டு மிதவேகத்திலிருந்து சுழற்பந்துக்கு மாறினார். 1991இல் சிறந்த பாடசாலை வீரருக்கான 'பாட்டா' விருது பெற்றார்.

சங்கக்காரவுக்கு வாக்களிக்கலாமா? இல்லை, அவர் திரித்துவக் கல்லூரி.

முரளி தோட்டத்துப் பிள்ளையா? தாத்தா 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தந்தை கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர்.

தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் ஏன் இல்லை? இது ஒரே கல்லூரியின் பட்டியல். மைதானமும் பயிற்றுநரும் கொடுத்தால் அவர்களுக்கும் தனிப்பட்டியல் போட வேண்டிவரும்.

பெயர் எழுதாமல் 'எறிபவர்' என்று மட்டும் எழுதி அனுப்பிய சீட்டுகள்? செல்லாது; ஞாயிறுக்குள் ஒரு பெயரை எழுதி மறுபடி அனுப்புங்கள்.